மறைத்தலும் அருளலும்

கசப்பான ஔஷதத்தை இனிப்பில் பொதிந்து கொடுப்பது கருணையா, வஞ்சனையா என்னும் கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வைத்தியர்களும் தாய்மார்களும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சில்லறை விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் பெரிய சிந்தனையாளர்கள் அதை ஒருபோதும் சில்லறையாக எண்ணியதில்லை. கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் வாழ்ந்த லுக்ரீஷியஸ் என்னும் ரோமானியக் கவி, அணுக்களின் இயல்பைப் பற்றிய வறண்ட தத்துவத்தைச் செய்யுளில் எழுதியதற்குச் சமாதானம் கூறுகையில், குழந்தைக்குக் கசப்புப் பச்சிலைச் சாற்றைப் புகட்டும் வைத்தியர் கிண்ணத்தின் விளிம்பிலே தேன் தடவி வைப்பதை உதாரணம் காட்டினார். அவருக்குப் பின்னே, அவர் பெயரையே கேட்டிருக்க நியாயமில்லாத பௌத்த மகாகவி அசுவகோஷர், தம் சௌந்தரநந்த காவியத்தின் பதினெட்டாம் சர்க்கத்து முடிவிலே, மோட்ச நெறியைக் காவியச் சுவையோடு கலந்து தந்ததற்கு ஏறக்குறைய இதே காரணத்தைச் சொன்னார். நம் தமிழ் முன்னோர் மட்டும் வேறொரு வழியில் சென்றார்கள். சுக்கும் மிளகும் திப்பிலியும் சேர்ந்த திரிகடுகத்தையும், ஐந்து வேர்கள் சேர்ந்த சிறுபஞ்சமூலத்தையும், ஏலம் முதலாகிய சரக்குகள் சேர்ந்த ஏலாதியையும் தங்கள் நீதி நூல்களுக்குப் பெயராகவே சூட்டி, உள்ளே இருப்பது மருந்துதான் என்பதை வாசலிலேயே எழுதி மாட்டிவிட்டார்கள். படிப்பவன் விரும்பினால் வரலாம். ஏமாந்து வந்தேன் என்று பிற்பாடு சொல்ல அவனுக்கு இடமில்லை.

தேன் தடவிய அவ்விரு கவிகளையும் வஞ்சகர் என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. தேன் தடவியிருக்கிறேன் என்று தாமே வாய்திறந்து சொல்லிவிட்ட பிறகு வஞ்சனை அங்கே எப்படித் தங்கும்? ஆகவே கேள்வியைச் சற்று நகர்த்திக் கேட்க வேண்டியிருக்கிறது. கசப்பு மறைக்கப்படுவது குற்றமா என்பதை விட்டு, அது யாரிடமிருந்து, எவ்வளவு காலத்துக்கு மறைக்கப்படுகிறது என்பதை நாம் விசாரிக்க வேண்டும்.

இந்த விசாரணைக்குத் திருப்பூரைப் போலப் பொருத்தமான ஊர் வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பனியன் தொழிலை நம்பிப் பல மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் போன்ற தூர தேசங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து குடியேறிய இந்த நகரத்தில், வாரக் கூலி கைக்கு வருவது சனிக்கிழமை மாலையில். அந்த மாலை எத்தனையோ வீடுகளில் அரிசியாகவும் வாடகையாகவும் மாறுகிறது. எத்தனையோ வீடுகளில் டாஸ்மாக் கடையின் கல்லாவோடு முடிந்துபோகிறது. ஒன்றரை ஷிப்டு செக்கிங் பார்த்துவிட்டு இடுப்பு நோவோடு வீடு திரும்பும் பெண்ணொருத்தி, வழியிலே சுவரொன்றில் ஒட்டப்பட்ட விளம்பரத்தைப் படிக்கிறாள்: மணமில்லாத, சுவையில்லாத ஒரு பொடி உண்டென்றும், குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ குழம்பிலோ கலந்து கொடுத்தால் அவர் குடியையே மறந்துவிடுவார் என்றும், கீழே ஒரு தொலைபேசி எண்ணோடு அது வாக்களிக்கிறது. அவள் அந்த எண்ணைக் குறித்துக்கொள்வதைப் பாவமென்று தீர்ப்புச் சொல்ல எந்தப் பண்டிதருக்கு யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும், செய்வது தர்மமா என்ற நெருடல் முதலில் அவளுடைய மனத்திலேதான் எழும். அந்த நெருடலுக்கு மரியாதை கொடுத்துப் பேசுவது நம் கடமை.

தீங்கு சற்றும் கலவாத நன்மை விளையுமானால் பொய்க்கும் மெய்யின் அருகே ஓர் ஆசனம் உண்டு என்று வள்ளுவர் இசைந்திருப்பதை அவளுக்கு யாராவது எடுத்துச் சொல்லக்கூடும். அந்தக் குறளைச் சமாதானத்துக்கு எடுத்துக்கொள்பவர்களில் பலர் அதன் நிபந்தனையைப் படிக்காமலே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். குடியை விடுவிக்க வைத்தியர்கள் முறையாகப் பயன்படுத்தும் டிசல்பிராம் என்னும் மருந்தையே பார்ப்போம். சாராயம் உடம்பில் சிதையும்போது இடையிலே தோன்றும் அசிட்டால்டிஹைடு என்னும் விஷப்பொருளை, மேற்கொண்டு சிதையவொட்டாமல் அது தடுத்துவிடுகிறது. அதனால் மாத்திரை விழுங்கியவன் குடித்தானாகில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, சில வேளைகளில் உயிரையே இழக்கிறான். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரையிலும் இந்த ஆபத்து நீடிக்கலாம். தான் மருந்துண்டது தெரிந்தவன் இதற்கு அஞ்சிக் குடியைத் தவிர்க்கிறான். மருந்தின் பலனே அந்த அச்சத்தில்தான் இருக்கிறது. தெரியாதவனோ வழக்கம்போலக் குடிக்கிறான், தனக்கு என்ன நேர்ந்ததென்று அறியாமலே கீழே விழுகிறான். சுவரொட்டி விற்கும் பொடியிலே என்ன இருக்கிறதென்பது அதை வாங்குகிறவளுக்குக்கூடத் தெரியாது. ஆகவே தீங்கு கலவாமை என்ற வள்ளுவரின் வாயிற்படியை இந்தப் பொய்யால் தாண்ட முடியவில்லை.

இம்மருந்தின் சரித்திரத்திலேயே ஒரு வேடிக்கை உண்டு. ரப்பரைப் பதப்படுத்தப் பயன்படும் இந்த ரகப் பொருள்களோடு பழகிய அமெரிக்கத் தொழிலாளிகள், மது அருந்தினால் தங்கள் உடம்பு ஒவ்வாமற்போவதைக் கண்டார்கள். அவர்களுடைய ஆலை வைத்தியர் 1937-இல் அதைப் பதிவு செய்தார். பிற்பாடு கோபன்ஹேகனில் ஹால்ட், யாக்கப்சன் என்னும் இருவர், வயிற்றுப் பூச்சிக்கு உதவுமா என்று ஆராய்வதற்காக அந்த ரகத்தைச் சேர்ந்த டிசல்பிராமைத் தாங்களே விழுங்கிப் பார்த்து, பிறகு மது அருந்தியபோது அவஸ்தைப்பட்டு, 1948-இல் அதன் குணத்தை உலகுக்கு வெளியிட்டார்கள். தொழிலாளிகள் அறியாமல் உட்கொண்டார்கள், விஞ்ஞானிகள் அறிந்து உட்கொண்டார்கள். அறிந்து உண்டவர்களின் கையிலேதான் அது ஔஷதமாயிற்று.

சோற்றில் மறைத்து மருந்திடுவது நம் நாட்டுக்குப் புதிய செய்தியுமன்று. இடுமருந்து என்ற பயம் கொங்கு நாட்டுக் கிராமங்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. மகன் பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் மருமகள் மருந்து வைத்துவிட்டாள் என்பார்கள். வயிற்றிலிருந்து அதை எடுத்துவிடுவதாகச் சொல்லிப் பிழைப்பவர்களும் உண்டு. அந்த மருந்துகளில் பெரும்பாலானவை பேசுபவர்களின் கற்பனையிலே மட்டும் காய்ச்சப்பட்டவை என்பதிலும், பழி எப்போதும் அடுப்படியில் நிற்கும் பெண்ணின் தலையிலேயே விழுகிறது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அந்த மூடநம்பிக்கையின் அடியிலே ஒரு நியாயமான உணர்வு படுத்திருக்கிறது: என் கலத்தில் விழுவது இன்னதென்று நான் அறிய வேண்டும். நண்பர் நஞ்சை இடுவதைக் கண்ட பிறகும் அதை உண்டு அமையும் நாகரிகரைப் பற்றி வள்ளுவர் பேசும் இடத்திலேகூட, உண்பவன் கண்டுதான் உண்கிறான். அந்தப் பார்வையை எடுத்துவிட்டால் நாகரிகமும் போய்விடும், மிஞ்சுவது கொலை ஒன்றே.

நாக்கின் மேல் இறைவன் கசப்புணர்ச்சியை வைத்ததே ஒரு காவலுக்காக என்று சொல்லலாம். இயற்கையிலே விஷமுள்ள இலைகளும் காய்களும் பெரும்பாலும் கசக்கின்றன. கசப்பை அறிவதற்கென்றே மனிதரிடம் ஏறத்தாழ இருபத்தைந்து வகை ஏற்பிகள் உண்டென்று இக்காலத்து உயிரியல் கண்டிருக்க, இனிப்பை அறிவதற்கு ஒரே வகைதான் வாய்த்திருக்கிறது. மருந்து செய்பவர்கள் இந்தக் காவலாளியைத் தாண்டிச் செல்லப் பல உபாயங்களைக் கண்டார்கள். கரையாத பொருளை நாக்கு அறியாது என்பதே அவற்றின் மூல சூத்திரம். சர்க்கரைப் பூச்சு, மெல்லிய படலப் பூச்சு, 1834-இல் பாரிஸ் நகரில் காப்புரிமை பெற்ற ஜெலட்டின் கூடு ஆகிய எல்லாம் அந்தச் சூத்திரத்தின் விரிவுரைகள். மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சப்படும் அந்த ஜெலட்டினை, வெங்காயம்கூடச் சேர்க்காத ஆசாரசீலர்கள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடுவது தனியே பேச வேண்டிய ஒரு சமயப் பிரச்சினை. அதையும் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

காவலாளியை ஏமாற்றிய பிறகு வாசலைக் காப்பது யார்? அமெரிக்காவில் 1937-இல், தண்ணீரில் கரையாத சல்பா மருந்தை டைஎத்திலின் கிளைக்கால் என்னும் இனிப்பான விஷத்தில் கரைத்து, ராஸ்பெரிப் பழவாசனை சேர்த்து விற்றபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மறு வருஷம் அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்தது. அதே விஷம் கலந்த இருமல் சிரப்பு, நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையொன்றிலிருந்து புறப்பட்டு, 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் குடித்தது. அக்குழந்தைகள் முகம் சுளித்துத் துப்பியிருந்தால் பிழைத்திருப்பார்களே என்று நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது. நாவின் சாட்சியை நாம் வாங்கிக்கொண்டோமானால், அதற்கு ஈடாக ஆய்வுக்கூடத்தின் சாட்சியையாவது கொடுத்தாக வேண்டும்.

இதனால் கசப்பே சத்தியமென்று முடிவு கட்டுவதும் பிழை. டெங்குக் காய்ச்சலின்போது தெருமுனைகளில் நிலவேம்புக் குடிநீரை அண்டாவில் வைத்து வழங்குகையில், வரிசையில் நிற்பவர்கள் அதன் கடுங்கசப்பையே அதன் சக்திக்குச் சான்றாகப் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். ஒன்பது சரக்குகள் சேர்ந்த அந்தக் குடிநீரைக் குறை கூறுவது என் நோக்கமில்லை. ஆனால் கசப்பதெல்லாம் நன்மை செய்யுமென்பது இனிப்பதெல்லாம் நன்மை செய்யுமென்பதற்கு எவ்விதத்திலும் மேலான கொள்கையன்று. ஒரு காலத்தில் கதர் இயக்கத்துக்குத் தமிழ்நாட்டில் பெரிய நிலையமாக விளங்கிய திருப்பூர், அந்த இயக்கத்தின் தலைவரான காந்தியடிகளின் அஸ்வாத விரதத்தை இவ்விடத்தில் நினைவுகூரலாம். 1930-இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்தாருக்கு எழுதிய கடிதங்களில், சுவையைக் கருதாமல் மருந்தை அளவோடு உட்கொள்வது போலவே உணவையும் உட்கொள்ள வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். அவர் கண்ணோட்டத்தில் இனிப்பை நாடுவதும் நாவுக்கு அடிமைப்படுவதே, கசப்பைக் கொண்டாடுவதும் நாவுக்கு அடிமைப்படுவதே.

சித்த வைத்தியர்களோ இரண்டுக்கும் இடையே ஒரு நுட்பமான நிலையை வகுத்திருந்தார்கள். அவர்களுக்குச் சுவை என்பது மருந்தின் மேலே ஒட்டிய தற்செயலான குணமில்லை; ஐம்பூதங்களின் சேர்க்கையால் ஆறு சுவைகளும் பிறக்கின்றன, கைப்பிலே காற்றும் ஆகாயமும் மிகுந்திருக்கின்றன, அதற்கேற்ப அது உடலில் தொழிற்படுகிறது என்பது அவர்கள் சாஸ்திரம். அப்படியானால் சூரணத்தைத் தேனிலே குழைத்துக் கொடுப்பானேன்? அந்தத் தேன் அனுபானம்; மருந்துக்குத் துணையாய்ச் சென்று அதை உரிய இடத்தில் சேர்ப்பது. அது நோயாளியின் கண்ணெதிரிலே குழைக்கப்படுகிறது, இன்ன மருந்துக்கு இன்ன அனுபானம் என்று அவனுக்குச் சொல்லியும் அனுப்பப்படுகிறது. எழுத்தறியாத ஆத்தாமாரும் இந்த நெறியை அறிந்திருந்தார்கள். பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுக்கும் நாளில், "கசக்கும் சாமி, ஒரே முழுங்கா முழுங்கீரு, அப்பறம் கருப்பட்டி தாறேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டே மூக்கைப் பிடித்தார்கள். கருப்பட்டி பின்னாலே வந்தது. எண்ணெய்க்குள்ளே ஒளிந்து வரவில்லை.

இனி இறைவன் சமாசாரத்துக்கு வருவோம். ஏனெனில் மறைப்பவர்களின் கடைசி வாதம் அங்கேதான் போய் நிற்கும். திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் வழியில் திருமுருகன்பூண்டி இருக்கிறது. முருகன் தன் பிரமகத்தி தோஷம் நீங்கச் சிவபூஜை செய்த தலமென்பது ஐதிகம். சித்தப்பிரமை கொண்டோரை அழைத்து வந்து தீர்த்தமாடச் செய்வது அங்கே நெடுநாளைய வழக்கம். சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னும் மணியுமாகச் சுந்தரமூர்த்தி நாயனார் இவ்வழியே வந்தபோது, சிவபெருமான் தம் பூதகணங்களை வேடர் உருவத்தில் ஏவி அவற்றையெல்லாம் பறித்துக்கொண்டார். நாயனார் கோயிலுக்கு வந்து பதிகம் பாடினார். பறிபோன பண்டங்கள் கோயில் வாசலிலேயே குவிந்தன. தம் தோழனுக்குப் பொருள் தம் கையாலன்றி வேறொருவர் கையால் சேரலாகாதென்று ஈசன் எண்ணியதாகப் பெரியோர் காரணம் சொல்வார்கள். ஆக, தெய்வமே வேடம் புனைந்து ஏமாற்றியிருக்கிறதே, மனிதர் அன்பின் மிகுதியால் ஒரு மாத்திரையை மறைத்தால் என்ன என்று கேட்கலாமல்லவா?

சைவ சித்தாந்தம் இக்கேள்விக்கு ஆயத்தமாகவே இருக்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழில்களில் மறைத்தலை அது நான்காவதாக வைத்தது. திரோதான சத்தி உயிரின் கண்ணிலிருந்து இறைவனை மறைத்து, உலக போகங்களை இனிப்பாகக் காட்டி, வினைகளை அனுபவிக்கச் செய்து, அதன் வழியே ஆணவ மலம் பரிபாகம் அடையும்படி செய்கிறது. மலத்தோடு கூடி நின்று தொழிற்படுவதால் உபசாரமாக அதையும் ஒரு மலமென்று எண்ணுவதுண்டு. மலம் பக்குவப்பட்டதும், அதே சத்தி அருட்சத்தியாய்ப் பதிகிறது. ஆடவல்லான் திருவுருவிலே ஊன்றிய திருவடி மறைத்தலையும் தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்பார்கள். இதிலே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. மறைப்பவனுக்கு அந்த மறைப்பால் ஆகவேண்டிய சொந்தக் காரியம் ஒன்றுமில்லை என்பது ஒன்று. தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் நோக்கத்தோடுதான் அந்த மறைப்பு தொடங்குகிறது என்பது மற்றொன்று. பூண்டியில் வேடர் பறித்தது ஒரு நாழிகைக் கதை. வாசலிலே திருப்பிக் கொடுத்தபோது பறித்தவன் இன்னானென்பதும் வெளிப்பட்டது. வெளிப்படாமலே போயிருந்தால் அதைத் திருவிளையாடல் என்று யாரும் பாடியிருக்க மாட்டார்கள், வழிப்பறி என்றே சொல்லியிருப்பார்கள்.

மருந்தியல் நூல்கள் இந்தச் சித்தாந்தத்தை அறியாமலே பின்பற்றி வருவதைக் கண்டு நான் வியந்ததுண்டு. பூச்சில்லாத மாத்திரை பதினைந்து நிமிஷத்திலும், படலப் பூச்சு மாத்திரை முப்பது நிமிஷத்திலும், சர்க்கரைப் பூச்சு மாத்திரை அறுபது நிமிஷத்திலும் நீரிலே சிதைந்தாக வேண்டுமென்று இந்திய மருந்து நெறிநூல் விதிக்கிறது. அதற்கு மேலும் கரையாமல் நிற்கும் மறைப்பு மருந்தைச் செல்லாக்காசாக்கிவிடும். டைபாய்டு காய்ச்சலுக்கு முன்பு பெரிதும் தந்துவந்த குளோராம்பெனிக்காலின் கடுங்கசப்பைப் போக்க அதைப் பால்மிடேட் என்னும் சுவையற்ற உருவுக்கு மாற்றினார்கள். குடலிலே நொதிகள் அதைப் பிளக்கும்போது பழைய கசப்பு மருந்தே வெளிவந்து வேலை செய்கிறது. பள்ளிக்கூடங்களில் வாரந்தோறும் வளரிளம் பெண்களுக்குக் கொடுக்கும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சிட்டதுதான். இரும்பின் துருச்சுவை நாவிலே தட்டக்கூடாதென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் இது இரத்தசோகைக்கான மாத்திரை, சாப்பிட்டபின் உண்ண வேண்டும், மலம் கறுத்துப் போகும் பயப்படாதே என்று ஆசிரியை சொல்லிக் கொடுக்கும்போது, அந்தப் பூச்சு நாக்கை மட்டும் மறைக்கிறது, புத்தியை மறைக்கவில்லை.

குடிகாரன் மனைவிக்கும் இந்த வழி அடைபட்டதில்லை. வைத்தியர் டிசல்பிராமை எழுதிக் கொடுக்கும்போது, கணவனிடம் அதன் அபாயங்களையெல்லாம் விளக்கி, அவன் சம்மதத்தைப் பெற்று, தினமும் காலையில் மனைவி கையால் அவன் பார்க்க விழுங்கச் செய்வது நெடுங்காலமாகக் கையாளப்படும் முறை. தானே எடுத்து விழுங்கும்படி விட்டுவிடுவதைக் காட்டிலும் இதில் பலன் அதிகமென்று கண்டிருக்கிறார்கள். அவன் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்பாள். அதற்குச் சுலபமான பதிலை நான் வைத்திருக்கவில்லை. 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் நிலையம் போன்ற இடங்களில் குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே தனியாகச் சிகிச்சையும் ஆலோசனையும் உண்டு என்பதையும், அவன் திருந்துவதற்கு முன்பே அவள் தேற முடியும் என்பதையும் மட்டும் சொல்லலாம். அவள் ரகசியமாகச் செய்ததை எந்த நீதிமன்றத்திலும் நான் வன்மையாக எதிர்க்க மாட்டேன். அந்தச் சுவரொட்டியை அச்சடித்தவனை எதிர்ப்பேன். அவனுக்கு ஆகவேண்டிய சொந்தக் காரியம் இருக்கிறது.

சொந்தக் காரியம் என்றதும் இன்னொரு மறைப்பு நினைவுக்கு வருகிறது. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் நிருபர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களைச் சந்தித்துப் பேசினார்கள். மாதவிலக்கு வலியால் வேலை தடைபடாதிருக்க, சூப்பர்வைசர்கள் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரைகளை அவர்களுக்குக் கொடுத்து வந்ததாகவும், அவை என்ன மாத்திரைகள், என்ன பின்விளைவு தரும் என்பதை யாரும் சொல்லவில்லை என்றும் அவர்கள் தெரிவித்தார்கள். அந்த மாத்திரைகளுக்குச் சர்க்கரைப் பூச்சு இருந்ததோ இல்லையோ, அது முக்கியமன்று. வலியென்று ஓய்வு கேட்பவளுக்கு ஓய்வுக்குப் பதிலாக மாத்திரையைக் கொடுப்பதில், அவளுடைய நலத்துக்கு முன்னால் அன்றைய உற்பத்திக் கணக்கு நிற்கிறது. "வலி மாத்திரைதான் கண்ணு, போட்டுட்டு உக்காரு" என்று சொல்லும் அந்தக் கண்ணு என்ற சொல்தான் அங்கே தடவப்பட்ட தேன். அந்த மறைப்பு எந்த நிமிஷத்திலும் கரையும்படி செய்யப்பட்டதன்று. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் ஒவ்வொரு மருந்தின் மேலும் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் பொறிக்க வேண்டுமென்கின்றன. அட்டையிலிருந்து ஒன்றிரண்டாகப் பிய்த்துக் கையிலே போடும்போது அந்த விதி முழுவதும் அட்டையோடு நின்றுவிடுகிறது. அதே பெண் செக்கிங் மேஜையிலே ஒவ்வொரு பனியனின் கழுத்தையும் புரட்டி, பருத்தி இத்தனை சதவீதம், இந்தச் சூட்டில் துவைக்கவும், இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று அச்சிட்ட லேபிள் நேராகத் தைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறாள். கோணலாக இருந்தால் அந்த உருப்படியை ஒதுக்கி வைத்துவிட வேண்டுமென்பது அவளுக்கு இடப்பட்ட உத்தரவு.